கடவுச்சீட்டும் கரும்பலகையும்: கொரியரிடையே ஆங்கிலம் படிப்பிக்கப் போகும் நம்மவர்

நாரந்தனையில் பிறந்து, ஊர்காவற்றுறையில் படித்து, கோப்பாயிலுள்ள கல்வியியற் கல்லூரியில் பயிற்சி பெற்று, யாழ்ப்பாணத் தீவகத்துப் பள்ளிக்கூடங்களில் இருபது ஆண்டு ஆங்கிலம் படிப்பித்த ஓர் ஆசிரியையை எண்ணிக்கொள்வோம். அவருடைய ஒன்றுவிட்ட தங்கையின் மகள் ரொறன்ரோவில் பிறந்தவள். உயிரியலில் பட்டம் பெற்றிருக்கிறாள். வகுப்பறையில் ஒரு நாளும் ஆசிரியராக நின்றதில்லை. இருவரும் தென்கொரியாவில் ஆங்கில ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்தால் மகளுக்கு வேலை கிடைக்கும். பெரியம்மாவின் விண்ணப்பத்தைப் பிரித்துப் பார்க்கவே மாட்டார்கள்.

காரணம் கொரியாவின் குடிவரவுச் சட்டம். ஆங்கிலம் படிப்பிக்க வருவோருக்கு அந்நாடு வழங்கும் ஈ-2 விசா ஏழு நாட்டுக் குடிமக்களுக்கு உரியது: அமெரிக்கா, பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, அயர்லாந்து, தென்னாபிரிக்கா. இந்த ஏழில் ஒன்றின் கடவுச்சீட்டும், ஏதாவதொரு துறையில் இளமாணிப் பட்டமும், குற்றப்பதிவு இல்லை என்ற சான்றும், உடல்நலச் சோதனையும் இருந்தால் தனியார் பயிற்சி நிலையம் ஒன்றில் சேர்ந்துவிடலாம். அரசுப் பள்ளிகளுக்கு ஆள் எடுக்கும் ‘எபிக்’ திட்டம் 1995இல் தொடங்கியது. அதற்கு ஆங்கிலம் கற்பித்தலில் ஒரு குறும்பயிற்சிச் சான்றிதழும் கேட்பது வழக்கம். படிப்பிக்கத் தெரியுமா என்ற கேள்விக்கு முன்னால் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்ற கேள்வி நிற்கிறது.

தீவகத்தவருக்கு இது தொலைதூரத்துச் செய்தியன்று. 1990, 91ஆம் ஆண்டு இடப்பெயர்வுகளோடு எங்கள் ஊர்களில் பெரும்பகுதி வெறுமையாயிற்று. நாரந்தனை, கரம்பொன், சரவணை, வேலணை என்று எந்த ஊரை எடுத்தாலும் அந்த ஊர்க் குடும்பங்களின் மூன்றாம் தலைமுறை கனடாவிலும் பிரித்தானியாவிலும் வளர்ந்து நிற்கிறது. பல்கலைக்கழகப் படிப்பை முடித்து, நிலையான வேலைக்குப் போகுமுன் ஓரிரு ஆண்டு வேறு நாட்டில் இருந்து பார்க்க விரும்பும் பிள்ளைகளுக்குக் கொரியா கைக்கெட்டும் இடம். விமானச் சீட்டும் தங்க அறையும் பெரும்பாலும் வேலை கொடுப்பவர் பொறுப்பு. அப்படிப் போகிற பிள்ளை அங்கே எப்படி வேர் பிடிக்கலாம், போக முடியாத பெரியம்மாவிடம் அவள் கற்றுக்கொண்டு போக வேண்டியது என்ன என்பன இரண்டு கேள்விகளாகத் தோன்றும். எனக்கு அவை ஒரே கேள்வியாகவே படுகின்றன.

கொரியாவுக்கு அரசு அழைத்து ஆங்கிலம் படிப்பிக்க வந்த முதல் மனிதர்களில் ஒருவர் தமிழரோடு தொடர்புபடுத்தி நினைக்கப்பட வேண்டியவர். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்க இளைஞர், இன்னும் இரண்டு அமெரிக்கரோடு 1886இல் சியோலுக்கு வந்தார். அரச குடும்பத்தோடும் உயர்குடியோடும் சேர்ந்த பிள்ளைகளுக்காக மன்னர் கோஜொங் தொடங்கிய பள்ளியில் ஆங்கிலம் கற்பித்தார். சில ஆண்டுகளுக்குள் கொரிய மொழியைக் கற்று, படித்தவர்கள் அன்று தாழ்வாக நினைத்த ஹங்குல் எழுத்திலேயே ஓர் உலகப் புவியியல் பாடநூல் எழுதினார். 1905இல் கொரிய மொழியின் இலக்கணத்தையும் திராவிட மொழிகளின் இலக்கணத்தையும் ஒப்பிட்டு ஒரு நூல் வெளியிட்டார். இரண்டும் ஒரே குடும்பம் என்ற அவருடைய முடிவை இன்றைய மொழியியலாளர் ஏற்பதில்லை. ஆனால் அவர் கண்ட அமைப்பு ஒற்றுமைகள் பொய்யல்ல. வகுப்பறைக்குள் போகும்போது அவற்றுக்குத் திரும்புவோம். யப்பானியர் கொரியாவை விழுங்கிய காலத்தில் கொரியருக்காக உலகெங்கும் குரல் கொடுத்தவரும் அவர்தான். 1949இல் அழைப்பின்பேரில் சியோலுக்குத் திரும்பி, வந்த சில நாட்களில் இறந்து, யாங்ஹ்வாஜின் அந்நியர் மயானத்தில் அடக்கமானார். கொரியாவில் ஆங்கில ஆசிரியராக நிலைகொள்வதற்கு இவரைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை. படிப்பிக்கப் போனவர் முதலில் அவர்களிடம் படித்தார்.

அவர் வருவதற்கு எழுபது ஆண்டுகள் முன்னமே, 1816இல், யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் தெல்லிப்பழையில் பள்ளி வைத்துவிட்டது. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி. உயர்கல்வியை ஆங்கிலத்தில் தந்த அந்த நிறுவனத்தை 1855இல் மூடியதற்குச் சொல்லப்பட்ட முக்கிய காரணம், அது போதகரை உருவாக்குவதைவிட அரசாங்க உத்தியோகத்துக்கு ஆட்களை உருவாக்கியது என்பது. மூடினாலும் ஆசை மூடவில்லை. மெதடிஸ்தரும் அங்கிலிக்கரும் கத்தோலிக்கரும் சைவரும் போட்டி போட்டு ஆங்கிலப் பள்ளி நடத்தினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி காலத்திலிருந்து யாழ்ப்பாணத்தார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய் எழுதுவினைஞராகவும் புகையிரத அதிகாரிகளாகவும் ஆசிரியராகவும் வேலை செய்தார்கள். 1970களில் எண்ணெய் வளத்தால் நைஜீரியா பள்ளிகளைப் பெருக்கியபோது இலங்கை ஆசிரியர்கள் அங்கே போனார்கள். சாம்பியாவுக்கும் மாலைதீவுக்கும் போனார்கள். தீவகத்தார் இந்த ஓட்டத்தில் சற்றுப் பின்தான்; எங்கள் பக்கத்தவர் கொழும்பிலும் தென்னிலங்கையிலும் கடை வைத்தவர்கள் என்றே பேர். என்றாலும் ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரியின் வகுப்பறைகள் வேறு வகை மனிதர்களையும் அனுப்பின.

அவர்களில் தலையாயவர் நாரந்தனைக்கு அயலூரான கரம்பொனில் 1913இல் பிறந்த தனிநாயகம் அடிகள். அந்தோனியார் கல்லூரியிலும் சம்பத்திரிசியார் கல்லூரியிலும் ஆங்கிலத்தில் ஊறி வளர்ந்தவர். உரோமில் குருத்துவக் கல்வி முடித்து, வடக்கன்குளம் புனித தெரேசா பள்ளியில் ஆசிரியராக இருந்த காலத்தில்தான் தமிழை முறையாகக் கற்கத் தொடங்கினார். பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 1952இல் ‘தமிழ் கல்ச்சர்’ என்ற ஆங்கிலக் காலாண்டிதழ். 1961 முதல் 1969 வரை மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறையில் பேராசிரியர். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு. பிற நாட்டாரிடையே வாழ்ந்து படிப்பித்த இந்த அயலூர்க்காரருக்கு ஆங்கிலம் பிறப்போடு வந்ததன்று, படிப்பால் வந்தது. அவருடைய ஆங்கிலத்தைக் கேட்ட எவரும் எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்று கேட்டு மதிப்பிடவில்லை.

ஆங்கிலத்துக்குத் தாய்மொழியாளரே சிறந்த ஆசிரியர் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது? 1961இல் உகண்டாவின் மக்கரேரேயில் பொதுநலவாய நாடுகளின் ஆங்கிலக் கல்வி மாநாடு ஒன்று நடந்தது. அங்கே உறுதிப்பட்டு உலகெங்கும் பரவிய கொள்கைகளில் இதுவும் ஒன்று. ரொபேர்ட் பிலிப்சன் 1992இல் எழுதிய நூலில் இதை ஒரு பொய்ந்நம்பிக்கை என்று தயங்காமல் எழுதினார். தாய்மொழியாளர் தம் மொழியைப் பேசுவார்; அதை ஏன் அப்படிப் பேசுகிறார் என்று விளக்க அவருக்குத் தனிப் பயிற்சி வேண்டும். கற்றுத் தேறியவரோ தான் தடுக்கி விழுந்த இடங்களை அறிவார்.

இந்த விவாதத்தை உலக அரங்கில் முன்னின்று நடத்தியவர்களில் இருவர் இலங்கையர். ஒருவர், ஹொங்கொங்கில் பேராசிரியராக இருந்த ஜோர்ஜ் பிரெய்ன். 1998இல் ஆங்கில ஆசிரியர்களின் உலக அமைப்பான ‘டீசோல்’ உள்ளே, தாய்மொழியாளர் அல்லாத ஆசிரியர்களுக்கென ஓர் அணி தோன்றுவதற்கு அவர் காரணமானவர். மற்றவர் யாழ்ப்பாணத்துச் சுரேஷ் கனகராஜா. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1984 முதல் பத்தாண்டு ஆங்கிலம் படிப்பித்து, பின் அமெரிக்கா சென்று, ‘டீசோல் குவாட்டர்லி’ ஆய்விதழின் ஆசிரியராகவும் இருந்தவர். அவர் 1999இல் வெளியிட்ட நூலுக்கு அடித்தளம் போர்க்கால யாழ்ப்பாணத்தில் நடந்த ஒரு வகுப்பு. மின்சாரம் இல்லை, கடதாசி இல்லை, குண்டுச் சத்தம். கையில் இருந்தது அமெரிக்காவில் அச்சான பாடப்புத்தகம். அதன் ஓரங்களில் மாணவர்கள் வரைந்தவற்றையும் கிறுக்கியவற்றையும் கனகராஜா கவனமாகப் படித்தார். புத்தகத்திலிருந்த அமெரிக்கப் பாத்திரங்களைச் சினிமாப் பாத்திரங்களாக்கியிருந்தார்கள். தங்கள் அரசியலையும் தங்கள் மொழியையும் அந்த ஓரங்களில் எழுதியிருந்தார்கள். யாழ்ப்பாணத்து ஆசிரியர்கள் ஆங்கிலப் பாடத்தில் தமிழை எப்போது எடுக்கிறார்கள் என்றும் அவர் ஆராய்ந்தார். பிள்ளையைத் தேற்ற, ஒழுங்குபடுத்த, கடினமான இடத்தை ஊர் வாழ்வோடு பொருத்திக் காட்டத் தமிழ் வருகிறது. அது ஆசிரியரின் இயலாமையன்று, அவருடைய திறன் என்பது அவர் வாதம்.

கொரியாவுக்குப் போகும் பிள்ளை இந்த ஆய்வை அறிந்து போனால் முதல் மாதத்திலேயே பயன் தெரியும். அங்கே அரசுப் பள்ளிகளில் வெளிநாட்டு ஆசிரியர் தனியே நிற்பதில்லை. கொரிய ஆசிரியர் ஒருவரும் கூட நிற்பார். வாரத்தில் இருபத்திரண்டு பாடவேளை என்பது எபிக் ஒப்பந்தத்தின் அளவு. வெளிநாட்டவர் ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. பக்கத்தில் நிற்கும் கொரிய ஆசிரியை இடையிடையே கொரிய மொழியில் விளக்கினால் பலர் எரிச்சலடைகிறார்கள், தன் பாடம் கலைகிறது என்று. பெரியம்மாவின் வகுப்பைக் கண்ட பிள்ளை எரிச்சலடையாது. அந்தக் கொரிய ஆசிரியை செய்வது, நாரந்தனையில் பெரியம்மா செய்வதுதான்.

மொழி அமைப்பைப் பார்ப்போம். என் மனத்தில் இந்தக் கட்டுரையின் நடுக்கூறு இதுதான். கொரிய வசனத்தில் வினை கடைசியில் வரும், தமிழைப் போல. பெயருக்குப் பின்னே உருபு ஒட்டும், தமிழைப் போல. ‘நேற்று வந்த பெடியன்’ என்று நாம் சொல்லும் ஒழுங்கிலேயே கொரியரும் சொல்வார்கள். ஆங்கிலமோ பெடியனை முதலில் நிறுத்தி, வந்த கதையைப் பின்னால் சொல்லும். எழுவாய் தெரிந்ததென்றால் இரு மொழியிலும் அதை விட்டுவிடலாம். ஆங்கிலத்தில் விட முடியாது. பெயருக்கு முன்னால் ஆங்கிலம் வைக்கும் a, the என்னும் சார்படைகள் இரு மொழியிலும் இல்லை. அதனால் கொரியப் பிள்ளை எழுதும் ஆங்கிலக் கட்டுரையில் சிவப்பு மை எங்கெங்கே விழுகிறதோ, ஏறக்குறைய அதே இடங்களில்தான் வேலணைப் பிள்ளையின் கட்டுரையிலும் விழும்.

இன்னும் நுணுக்கமான ஓர் இடம் உண்டு. ‘நீ சாப்பிடேல்லையோ?’ என்று கேட்டால், சாப்பிடாத யாழ்ப்பாணத்துப் பிள்ளை ‘ஓம், சாப்பிடேல்லை’ என்னும். கேட்டவர் சொன்னது சரி என்பதால் ஓம். கொரியப் பிள்ளையும் அப்படியே. ஆங்கிலம் இங்கே மறுப்புச் சொல்லைக் கேட்கிறது. ரொறன்ரோவில் பிறந்த ஆசிரியை ‘வீட்டுப்பாடம் செய்யவில்லையா’ என்று கேட்டு, கொரியப் பிள்ளை ஆமோதிக்க, செய்துவிட்டதாக நினைத்து அடுத்த பிள்ளையிடம் போய்விடுவாள். இப்படியான குழப்பம் அங்கே நாளாந்தம் நடப்பது. அவளுடைய அம்மாவும் அம்மம்மாவும் அப்படியே விடை சொல்லி வளர்ந்தவர்கள் என்பதை எண்ணிப் பார்த்தால் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

ஒலிகளிலும் உறவுண்டு. தமிழில் ககரமும் தகரமும் பகரமும் சொல்லின் முதலில் வல்லொலியாகவும் உயிர்களுக்கிடையில் மெல்லொலியாகவும் ஒலிக்கும், எழுத்து மாறாது. கொரியத்தின் அடிப்படை வல்லெழுத்துகளும் அதே விதிக்கு உட்பட்டவை. அதனால் ஆங்கிலத்தில் இவ்விரு ஒலிகளும் பொருளை மாற்றும் என்பதைக் கொரியரின் காது எளிதில் ஏற்காது. பல்லும் உதடும் சேர்ந்து எழும் ஆங்கில ஒலி அவர்களிடமும் பகரமாகிவிடும். கோப்பியை அவர்களும் ஏறக்குறைய எங்கள் ஊரில் சொல்வது போலவே சொல்கிறார்கள். மெய்கள் அடுக்கி வந்தால் நடுவில் ஓர் உயிரைச் செருகுவதும் பொது. ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. ரகரமும் லகரமும் தமிழில் வெவ்வேறு எழுத்துகள். கொரியத்தில் ஒரே எழுத்தின் இரு வடிவங்கள். இந்த இடத்தில் நம்மவருக்கு ஊர் அனுபவம் கைகொடுக்காது. பொறுமை வேண்டும். நாங்கள் லகர, ளகர, ழகரத்தைப் பிரித்துச் சொல்ல வேற்று நாட்டார் படும் பாட்டை எண்ணிக்கொண்டால் பொறுமை வரும்.

வகுப்பறைக்கு வெளியே கொரியாவின் ஆங்கிலப் பசி எவ்வளவு என்று அறியாமல் போகிறவர்கள் திகைத்துவிடுவார்கள். 1997இல் தொடக்கப் பள்ளி மூன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலம் கட்டாயப் பாடமாயிற்று. நவம்பரில் நடக்கும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் ஆங்கிலம் கேட்டல் பகுதி நடக்கும் அரை மணி நேரத்துக்கு நாடு முழுவதும் விமானங்கள் ஏறுவதும் இறங்குவதும் நிறுத்தப்படும். பள்ளி முடிந்த பின் பிள்ளைகள் போகும் தனியார் பயிற்சி நிலையத்துக்கு ஹாக்வொன் என்று பேர். 2023இல் பள்ளிப் பிள்ளைகளில் 78.5 வீதத்தினர் ஏதோவொரு தனியார் கல்விக்குப் போனார்கள் என்றும், அதற்காகப் பெற்றோர் செலவிட்டது 27.1 ட்ரில்லியன் வொன் என்றும் அரசே கணக்குக் காட்டியது. இரவு பத்து மணிக்குப் பின் ஹாக்வொன் திறந்திருக்கக் கூடாது என்று சியோல் நகரம் விதி வைக்க வேண்டியதாயிற்று.

யாழ்ப்பாணத்தவருக்கு இதைப் புரியவைக்கப் பெரிய விளக்கம் வேண்டாம். ரியூட்டரிகளில் விடியமுன் தொடங்கும் வகுப்பு, கொட்டிலுக்குள் நெருக்கியடித்திருக்கும் நூற்றுக்கணக்கான பிள்ளைகள், உயர்தரப் பெறுபேறு வந்ததும் மதிலில் ஒட்டும் படங்கள் எல்லாம் நாம் கண்டு வளர்ந்தவை. தரைப்படைகளும் குண்டுகளும் நாட்டைக் கிழித்துப்போட்ட பின், நிலமும் சொத்தும் போன பின், பிள்ளையின் படிப்பு ஒன்றே கொண்டு போகக்கூடியது என்ற எண்ணம் 1953க்குப் பிந்திய கொரியாவையும் ஆண்டது, 1983க்குப் பிந்திய யாழ்ப்பாணத்தையும் ஆண்டது. ஆகவே இரவு ஒன்பது மணிக்குத் தூக்கக் கண்ணோடு எதிரே இருக்கும் பத்து வயதுப் பிள்ளையைக் கண்டு, ‘இவர்களுக்குப் பைத்தியமோ’ என்று எழுதிவிட்டுப் போகும் மேனாட்டு ஆசிரியரின் குரலில் நம் பிள்ளை பேசக் கூடாது. அந்தப் பிள்ளையின் தாய் யார் என்று அவளுக்குத் தெரியும். அதே வேளை அந்தத் தாயின் அச்சம் பிள்ளையை எப்படி அரைக்கிறது என்பதையும் நாம் அறிவோம். வீட்டுப்பாடத்தைப் பாதியாகக் குறைக்கும் சிறு அதிகாரம் ஆசிரியரிடம் இருக்கிறது, அதைப் பயன்படுத்தலாம்.

ஹாக்வொன் ஒரு வணிகம் என்பதை மறக்கக் கூடாது. அதிபர் போலிருப்பவர் உண்மையில் முதலாளி. பிள்ளைகள் குறைந்தால் நிலையமே மூடப்படலாம். 2023இல் ஒரு பெண்ணுக்கு 0.72 பிள்ளை என்ற அளவுக்குப் பிறப்பு வீதம் விழுந்த நாட்டில் இந்த ஆபத்து வளரும். 2010ஐ ஒட்டி இருபதாயிரத்தைத் தாண்டியிருந்த ஈ-2 ஆசிரியர் தொகை அதன் பின் நன்றாகக் குறைந்துவிட்டது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் பார்க்க வேண்டியவை சில. ஓராண்டு முடித்தால் ஒரு மாதச் சம்பளம் பணிக்கொடையாகச் சட்டப்படி உண்டு. பதினோராம் மாதத்தில் நிறுத்திவிடும் இடங்களைப் பற்றி அங்கே நீண்ட காலமாக முறைப்பாடு இருக்கிறது. தேசிய ஓய்வூதிய நிதிக்குத் தொழிலாளியும் முதலாளியும் பாதிப் பாதி செலுத்த வேண்டும். கனடாக் குடிமக்கள் நாடு திரும்பும்போது அந்தத் தொகையை மொத்தமாகப் பெறலாம். ஈ-2 விசா வேலை கொடுப்பவரோடு கட்டுண்டது. இடையில் வேறிடம் மாற அவருடைய ஒப்புதல் கடிதம் தேவைப்படும். நாட்டுக்குள் வந்து தொண்ணூறு நாட்களுக்குள் அந்நியர் பதிவு அட்டை எடுக்க வேண்டும். அது வரும்வரை வங்கிக் கணக்கும் கைத்தொலைபேசி இணைப்பும் இழுபறிதான்.

தோல் நிறம் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. விண்ணப்பத்தோடு புகைப்படம் கேட்பது அங்கே வழமை. வெள்ளையரே வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்ட வேலை விளம்பரங்கள் பலமுறை செய்தியாகியுள்ளன. கனடாக் கடவுச்சீட்டும் பிறவி ஆங்கிலமும் இருந்தும் கறுத்த முகம் என்பதற்காகப் படத்தோடு நிராகரிக்கப்படும் வேதனை நம் பிள்ளைகளுக்கு நேரலாம். வெளிநாட்டு ஆசிரியர்களுக்கு மட்டும் எச்ஐவி சோதனையைக் கட்டாயமாக்கியிருந்ததை நியூசிலாந்து ஆசிரியை ஒருவர் ஐக்கிய நாடுகள் இனப் பாகுபாடு ஒழிப்புக் குழுவரை கொண்டுபோனார். 2015இல் குழு அவர் பக்கம் நின்றது. 2017இல் கொரியா அந்த விதியை நீக்கியது. முறையிட்டால் மாற்றம் வரும் என்பதற்கு இது சான்று. அரசுப் பள்ளி வேலைக்கு முதலில் முயல்வது நல்லது என்பேன். அங்கும் முகம் பார்ப்பவர் இல்லாமலில்லை. ஆனால் முதலாளியின் வாடிக்கையாளர் கணக்கு அங்கே குறுக்கே வராது.

வீடு என்று கிடைப்பது பெரும்பாலும் ஓர் ஒற்றை அறை. வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லி நம் வீட்டுப் பிள்ளைக்குப் படிப்பிக்கத் தேவையில்லை. குளிர்காலத்தில் தரைக்கடியால் சூடு வரும். தரையில் பாய் விரித்துப் படுத்தவருக்கு அது பெருஞ்சுகம். உணவில், சைவக்காரருக்குக் கடினம் என்பதை ஒளிக்க வேண்டாம். மரக்கறிச் சாறு என்று தெரிவதிலும் நெத்தலி கொதித்திருக்கும். கிம்ச்சியில் மீன் அல்லது இறால் ஊறல் சேர்ந்திருக்கும். சோறு, பருப்பு, மிளகாய்த்தூள் மூன்றும் இருந்தால் அறையிலேயே சமைத்துச் சமாளிக்கலாம். கடலுணவு உண்ணும் தீவகத்தவருக்கோ புசான் நகரின் ஜகால்ச்சி மீன்சந்தை அந்நியமாகத் தோன்றாது. நண்டும் கணவாயும் இறாலும் மீனும் ஒரே சட்டியில் உறைப்பாகக் கொதிக்கும் அவர்களுடைய கடலுணவுச் சாறு, ஒடியல் மா மட்டும் குறைந்த எங்கள் கூழ்.

வயதுக்கேற்ற மரியாதை அங்கே இலக்கணத்திலேயே இருக்கிறது. மூத்தவரிடம் பேசும் வினைமுற்று வேறு, இளையவரிடம் வேறு. முதற் சந்திப்பிலேயே வயது கேட்பார்கள். கனடாவில் வளர்ந்தவருக்கு இது துருவுவதாகப் படலாம். ‘பிள்ளை எந்த ஊர், ஆற்றை மோள்’ என்று கேட்கும் நம் ஆச்சிமாரை அறிந்தவருக்கு அப்படிப் படாது. வாங்குவதும் கொடுப்பதும் இரு கையால். ஆசிரியரைக் கண்டால் பிள்ளைகள் குனிந்து வணங்குவார்கள். மே 15 ஆசிரியர் தினம். ஆனால் 2016இல் வந்த ஊழல் தடுப்புச் சட்டத்துக்குப் பின் பரிசு வாங்கக் கூடாது. இந்த மதிப்பு முழுப் பாதுகாப்பும் அல்ல. 2023இல் சியோலின் இளம் தொடக்கப் பள்ளி ஆசிரியை ஒருவரின் இறப்புக்குப் பின், பெற்றோரின் ஓயாத முறைப்பாடுகளால் நொந்திருந்த ஆசிரியர்கள் வாரக்கணக்காகத் தெருவில் இறங்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தனிமை கடிக்கும். எங்கள் ஊர்க் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஒரு வழி உண்டு. கொரியரில் பத்தில் ஒருவருக்கு மேல் கத்தோலிக்கர். அந்தத் திருச்சபை வெளிநாட்டுக் குருவானவரால் தொடங்கியதன்று. 1784இல் பீக்கிங்கில் திருமுழுக்குப் பெற்றுத் திரும்பிய ஒரு பொதுநிலையாளரால் தொடங்கியது. சியோலில் ஆங்கிலத் திருப்பலியும் உண்டு, ஹியேஹ்வா ஆலயத்தில் பிலிப்பைன்ஸ் மக்கள் கூடும் ஞாயிறும் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து ஆராய்ச்சிக்கும் பொறியியலுக்கும் போனவர்கள் தமிழ்ச் சங்கம் நடத்திப் பொங்கலும் கொண்டாடுகிறார்கள்.

ஆனால் கொரியாவில் மிகப் பெரும்பாலான இலங்கையர் வகுப்பறையில் இல்லை. தொழிற்சாலைகளிலும் மீன்பிடியிலும் இருக்கிறார்கள். 2004இல் தொடங்கிய வேலை அனுமதித் திட்டத்தில் ஆள் அனுப்பிய முதல் நாடுகளில் இலங்கையும் ஒன்று. ஈ-9 விசா, கொரிய மொழித் தேர்வில் தேற வேண்டும், ஒரு தவணை அதிகபட்சம் நான்கு ஆண்டு பத்து மாதம், குடும்பத்தை அழைக்க முடியாது, தொழிலிடம் மாறக் கடுமையான கட்டுப்பாடு. 2025இல் நாஜு நகரச் செங்கற் தொழிற்சாலை ஒன்றில் இலங்கைத் தொழிலாளி ஒருவரைச் செங்கல்லோடு சேர்த்துப் போர்க்லிப்ட் வண்டியில் கட்டித் தூக்கிய காணொளி வெளிவந்து, நாட்டின் ஜனாதிபதியே கண்டிக்க நேர்ந்தது. அதே நாட்டில், இலங்கை வேரோடு கனடாவிலிருந்து வந்த ஒருத்தியைப் பிள்ளைகள் குனிந்து வணங்குகிறார்கள். ஈ-9 தொழிலாளி தேர்வெழுதி மொழி கற்று வருகிறார். ஈ-2 ஆசிரியரிடம் ஒரு கொரியச் சொல்லும் கேட்கப்படுவதில்லை. நம் பிள்ளை மொழி கற்க வேண்டியது தன் வசதிக்காக மட்டுமன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை அன்சான் போன்ற தொழில் நகரத்துக்குப் போய், சிங்களவரோ தமிழரோ, சம்பளத் துண்டையோ மருத்துவச் சீட்டையோ வாசித்து விளங்கப்படுத்தக் கேட்பவருக்கு உதவ முடிந்தால், அங்கே அவள் இருப்பதற்கு வேறொரு பொருள் வரும்.

இனிப் பெரியம்மாவின் விண்ணப்பம். ஏழு நாட்டு விதி கல்லில் வெட்டியதன்று. இந்தியாவும் கொரியாவும் செய்த பொருளாதாரப் பங்காளி ஒப்பந்தம் 2010 ஜனவரி முதலாம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதன் வழியாக, ஆங்கில ஆசிரியர் தகுதியுள்ள இந்தியருக்குக் கொரியப் பள்ளிகளில் துணை ஆசிரியராக வர இடம் கிடைத்தது. துணை ஆசிரியர் என்ற அளவோடுதான். ஆனாலும் எட்டாவது நாடு ஒன்று உள்ளே வந்தது. கனடாப் பட்டதாரியிடம் கேட்காத ஆசிரியத் தகுதியை இந்தியரிடம் கேட்டார்கள் என்பது நியாயமன்று. ஆனால் அந்த நிபந்தனை நம் பெரியம்மாவுக்குத் தடையே அல்ல. பயிற்சியும் அனுபவமும் அவரிடம் இருக்கின்றன. இலங்கை அரசு கொரியாவோடு பேசும்போதெல்லாம் ஈ-9 தொகையைக் கூட்டுவது பற்றியே பேசுகிறது. பயிற்றப்பட்ட ஆங்கில ஆசிரியருக்கும் இந்தியாவுக்குக் கிடைத்த அளவாவது வழி கேட்க வேண்டும். பிலிப்பைன்ஸ் நாட்டவர் ஈ-2 இல்லாமலே பல ஆண்டாகத் தொலைபேசியிலும் இணையத்திலும் கொரியருக்கு ஆங்கிலம் படிப்பித்து வருகிறார்கள். கொரிய மாணவர்கள் பாகியோவுக்கும் செபுவுக்கும் போய் அவர்களிடம் படிக்கிறார்கள். படிப்பிக்கத் தெரிந்தவரிடம் படிக்கலாம் என்பதைக் கொரியப் பெற்றோர் தம் பணத்தைக் கொடுத்தே ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். குடிவரவுச் சட்டம்தான் பின்தங்கி நிற்கிறது.

இதற்கு எதிராக ஊரில் ஒரு கேள்வி எழும், எழ வேண்டும். தீவக வலயப் பள்ளிகளில் ஆங்கில ஆசிரியர் போதாது. இருப்பவர்களிலும் பலர் யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாலத்தால் காலையில் பேருந்தில் வந்து பின்னேரம் திரும்புகிறவர்கள். பெரியம்மாவும் கொரியாவுக்குப் போய்விட்டால் இங்கே யார்? நைஜீரியா போன தலைமுறையிலும் இந்தக் கேள்வி இருந்தது. போகாதே என்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. அந்தச் சம்பளத்தில் அவர் பிள்ளைகளுக்கு ஒரு வீடு கட்டலாம். ஆனால் ஒப்பந்தம் கேட்பவர்கள் அதைத் தவணை வைத்துக் கேட்கலாம்: இரண்டாண்டு சம்பளமற்ற விடுமுறை, பதவி உயர்வு குறையாமல் திரும்பும் உறுதி, திரும்பிய பின் கஷ்டப் பிரதேசப் பள்ளி ஒன்றில் கட்டாயச் சேவை.

அதுவரைக்கும் செய்யக்கூடியது ஒன்றுண்டு, அதற்கு எந்த அரசும் வேண்டாம். கொரியாவுக்குப் புறப்படும் பிள்ளை, விமானமேறுமுன் நாரந்தனைக்கு ஒரு மாதம் வரட்டும். பெரியம்மாவின் வகுப்பில் பின்வாங்கிலில் இருந்து பார்க்கட்டும்: எந்த வசனத்தில் பிள்ளைகள் தடுக்குகிறார்கள், எப்போது தமிழ் வருகிறது, வாய் திறக்காத பிள்ளையை எப்படிப் பேச வைக்கிறார் என்று. தன் பங்குக்கு அவள் அந்தப் பிள்ளைகளோடு ஆங்கிலத்தில் பேசிப் பழகட்டும். அவர்களுக்கு அப்படியொரு வாய்ப்பு வேறெங்கும் கிடைப்பதில்லை. சியோலுக்குப் போன பிறகு வாரத்தில் ஒரு மணி நேரம் இணையத்தில் இரு வகுப்புகளையும் இணைக்கலாம். நேர வித்தியாசம் மூன்றரை மணி மட்டுமே. இங்கே காலை பத்து மணிப் பாடவேளையில் அங்கே பிற்பகல் ஒன்றரை. இரு பக்கமும் பிள்ளைகள் பள்ளியில்தான் இருப்பார்கள்.